ஸ்டீம் ஸ்டோர் பேஜ் படங்கள்: சின்ன டீம்ல கேம் பண்றவங்க பார்வையில ஒரு ரிவ்யூ

ஸ்டீம்ங்கற கம்ப்யூட்டர் கேம் கடைல கேம் வாங்குறவங்க எழுதுற ரிவ்யூ கொட்டிக் கிடக்கு, ஆனா அங்க கேம் விக்கப் போறவங்களுக்கு அந்தக் கடை எப்படி இருக்குன்னு தமிழ்ல யாரும் பெருசா எழுதி நான் பார்க்கல, அதுலயும் ஸ்டோர் பேஜ்ல வைக்கிற படங்கள், அதாவது கேப்சூல் (கேமுக்கு அட்டை மாதிரி கடைல வர்ற படம்), ஸ்க்ரீன்ஷாட், லைப்ரரி ஆர்ட் (வாங்கினவரோட கேம் லிஸ்ட்ல வர்ற படம்) இதெல்லாம் ஏத்துற பகுதியப் பத்தி. நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து ஒரு சின்ன கேம் பண்ணிட்டு இருக்கோம், ஆத்து முகத்துவாரத்துல சரக்குப் படகு ஓட்டுற கேம், கோடிங் அவன் பார்த்துக்கறான், மீதி எல்லாம் என் தலைல, அதுல ஸ்டோர் பேஜும் ஒண்ணு. அதனால இந்த ரிவ்யூ ஸ்டீம்வொர்க்ஸ்ல, அதாவது கேம் விக்கறவங்களுக்கான ஸ்டீம் தளத்துல, இருக்கற அந்த ஒரு பகுதிக்கு மட்டும்தான். படத்துக்கு இவ்ளோ தெளிவா விதி போட்டு வச்சிருக்கற வேற கடைய நான் பார்க்கல, அந்த விதிங்க முக்காவாசி நம்மள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு நல்லதுதான் பண்ணுது, ஆனா ரொம்ப முக்கியமான ஒரு வசதி அங்க கிடையாது, அத கடைசில சொல்றேன்.

உள்ள போக ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணும், நம்ம பணத்துல எட்டாயிரத்துக்கு மேல. 2017 ஜூன்ல, ஓட்டுப் போட்டு கேம தேர்ந்தெடுத்த கிரீன்லைட்ட மூடிட்டு, பணம் கட்டி நேரா வர்ற ஸ்டீம் டைரக்ட் கொண்டு வந்ததுல இருந்து இதே ரேட்டுதான், கேம் 1000 டாலருக்கு வித்துருச்சுன்னா அந்த 100 திரும்பி வந்துரும். வாசல் இவ்ளோ அகலமா இருக்கறதால கூட்டமும் அப்படித்தான், 2024ல மட்டும் 18 ஆயிரத்துக்கு மேல கேம் வந்துச்சு, ஒரு நாளைக்கு ஐம்பது கேம்னு வச்சுக்கங்க. அந்த ஐம்பதுல நம்ம கேமும் ஒண்ணா லிஸ்ட்ல வரும்போது பார்க்கறவர் கண்ணுல படறது ஒரு சின்னப் படம், பேரு, விலை, அவ்ளோதான். ரெண்டு வருஷம் உசுரக் குடுத்து பண்ண மெக்கானிக்ஸ், மியூசிக், கதை எதுவுமே அங்க தெரியாது. அந்தப் படத்த க்ளிக் பண்ணாத்தான் மத்ததெல்லாம். இத சொன்னா "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ம்பாங்க, ஆனா கேம் முடியுற நேரத்துல அவசர அவசரமா படம் பண்றவங்கதான் இன்னைக்கும் அதிகம், அதப் பார்க்கும்போது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும், ஏன்னா உள்ள கேம் அவ்ளோ நல்லா இருக்கும்.

சரி, என்னென்ன கேக்கறாங்கன்னு பார்ப்போம். ஹெடர் கேப்சூல் 920க்கு 430 பிக்சல், ஸ்டோர் பேஜோட தலைல வர்றது இதுதான், ரெகமண்டேஷன்லயும் இதுதான் நிறைய வரும். ஸ்மால் கேப்சூல் 462க்கு 174, சர்ச் ரிசல்ட்லயும் டாப் செல்லர் மாதிரி லிஸ்ட்லயும் வரும். மெயின் கேப்சூல் 1232க்கு 706, முதல் பக்கத்துல பெருசா சுத்துற இடத்துக்கு. வெர்டிகல் கேப்சூல் 748க்கு 896, சேல் நேரத்துல நிக்க வச்ச மாதிரி வரிசையா காட்டுவாங்களே அதுக்கு. முன்னாடி இந்த நாலுமே இதுல பாதி சைஸ்தான், ஹெடர் வெறும் 460க்கு 215ஆ இருந்துச்சு, இப்ப பெரிய ஸ்க்ரீனுக்காக டபுள் பண்ணிட்டாங்க, அதனால பழைய டுடோரியல் வீடியோ பார்த்து படம் ரெடி பண்றவங்க ஒரு தடவ டாக்குமெண்டேஷன பார்த்துட்டு ஆரம்பிங்க. இது போக லைப்ரரிக்குன்னு தனியா 600க்கு 900ல ஒண்ணு, 3840க்கு 1240ல ஹீரோ படம் (லைப்ரரில கேம் பக்கத்து மேல அகலமா வர்றது) ஒண்ணு, லோகோ தனியா, ஐகான் தனியா.

கேட்டாலே மலைப்பா இருக்கும், ஆனா ஏத்துற வேலை சுலபம். எல்லா ஃபைலையும் மொத்தமா இழுத்துப் போட்டா சைஸ் பார்த்து அதுவே எது எங்கன்னு புரிஞ்சுக்கும், சைஸ் தப்பா இருந்தா அங்கயே சொல்லிரும். ஃபோட்டோஷாப் டெம்ப்ளேட்டும் அவங்களே தர்றாங்க. இந்த விஷயத்துல ஸ்டீம்வொர்க்ஸுக்கு முழு மார்க், ஏன்னா அந்தத் தளத்தோட மத்த பகுதிங்க, பில்டு, அதாவது கேம் ஃபைல ஏத்துறது, அத டிப்போன்னு பிரிச்சு வைக்கறது எல்லாம் இன்னும் பழைய காலத்து அரசாங்க வெப்சைட் மாதிரிதான், எது எங்க இருக்குன்னு தேடியே பாதி நாள் போயிரும்.

இப்ப நான் முக்கியமா பேச வந்தது ஸ்மால் கேப்சூல். 462க்கு 174ன்னு நாம ஏத்துறோம், ஆனா ஸ்டீம் அதுல இருந்து 184க்கு 69லயும் 120க்கு 45லயும் தானா சின்னதாக்கி படம் எடுத்துக்கும். 120க்கு 45ன்னா எவ்ளோன்னு உங்க ஸ்க்ரீன்ல ஒரு கட்டம் போட்டுப் பாருங்க, கட்டை விரல் நகத்த விட கொஞ்சம் அகலம், அவ்ளோதான். எங்க கேமுக்கு முதல்ல வந்த படத்துல ஒரு படகு, அதுல ஒரு படகோட்டி, கைல அரிக்கேன் லைட்டு, பின்னாடி மழை, தூரத்துல கலங்கரை விளக்கம், தண்ணில அதோட வெளிச்சம் உடைஞ்சு உடைஞ்சு தெரியறது, ஃபுல் ஸ்க்ரீன்ல பார்த்தா சுவத்துல மாட்டி வைக்கலாம் போல இருந்துச்சு. அதையே 120க்கு 45ல பார்த்தா சாம்பல் கலர்ல ஒரு கட்டம், நடுவுல மஞ்சளா ஒரு புள்ளி. பேரு எழுதின ஃபாண்ட் மெல்லிசு, அது மழைக்கோடோட கலந்து காணாமலே போச்சு.

டாக்குமெண்டேஷன்லயே தெளிவா எழுதியிருக்காங்க, ஸ்மால் கேப்சூல்ல லோகோ கிட்டத்தட்ட முழு இடத்தையும் நிரப்பணும்னு. நிறைய பேர் இத படிச்சுட்டும் மெயின் கேப்சூல அப்படியே வெட்டி சுருக்கிப் போட்டுடறாங்க. ஸ்டாப்ல நிக்கறவர் தூரத்துல வர்ற பஸ்ஸோட போர்டத்தான் படிப்பாரு, சைடுல என்ன படம் வரைஞ்சிருக்குன்னு பஸ் கிட்ட வந்தப்புறம்தான் பார்ப்பாரு, அதே கதைதான் இங்கயும். அதனால நான் சொல்ற வரிசை இதுதான்: முதல்ல லோகோ, அத 120க்கு 45ல வச்சுப் பாருங்க, படிக்க முடியுதுன்னா அதுக்கப்புறம் அதுக்குப் பின்னாடி என்ன படம்னு யோசிங்க. பெரிய படத்த வரைஞ்சுட்டு கடைசில மூலைல பேர ஒட்டறது எனக்குப் பிடிக்கவே இல்ல, அப்படிப் பண்ண கேப்சூல்ல பேரு எப்பவும் விருந்தாளி மாதிரி ஓரமாத்தான் நிக்கும்.

இன்னொண்ணு கவனிங்க, ஸ்டீம் பக்கமே கருநீலம். நாம படம் வரையற சாஃப்ட்வேர்ல பின்னாடி வெள்ளையோ நடுத்தர சாம்பலோ இருக்கும், அதுல ராத்திரி காட்சி சூப்பரா எடுப்பா தெரியும், அதே படம் ஸ்டீம் பக்கத்துல போய் உக்காந்ததும் ஓரமெல்லாம் பேக்ரவுண்டோட கரைஞ்சு படம் எங்க முடியுது பக்கம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. ஹாரர் கேம் பண்றவங்களுக்கு இது பெரிய தலைவலி. இருட்டு வேணும்னா வச்சுக்கங்க, ஆனா நடுவுல ஒரு வெளிச்சமான உருவம் வேணும். ஹாலோ நைட் படத்த நினைச்சுப் பாருங்க, 2017ல ஆஸ்திரேலியால ஒரு சின்ன டீம் பண்ண கேம், சுத்தியும் இருட்டு நீலம், நடுவுல கொம்பு வச்ச ஒரு வெள்ளை முகம், ரெண்டு கறுப்பு கண்ணு. எவ்ளோ சின்னதாக்கினாலும் அந்த முகம் மட்டும் தப்பிச்சு வந்துரும். ஒரு உருவம், ஒரு எதிர் கலர், அவ்ளோதான் அதுல இருக்கு, அதுக்குமேல எதுவும் தேவையும் படல.

சோதிச்சுப் பார்க்க எந்த டூலும் வேண்டாம். ஸ்டீம்ல உங்க ஜானர் டேக்க, அதாவது கேம் வகையோட பேர, போட்டு சர்ச் பண்ணுங்க, வர்ற லிஸ்ட ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நடு வரிசைல ஒரு கேமோட படத்து மேல உங்க படத்த அதே சைஸ்ல ஒட்டுங்க, கேமப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் கிட்ட ஃபோன்ல அனுப்பி "இதுல எத க்ளிக் பண்ணுவ"ன்னு மட்டும் கேளுங்க. எது நம்மளதுன்னு சொல்லக் கூடாது. சொந்தக்காரங்க கிட்டயும் கூட வேலை பார்க்கறவங்க கிட்டயும் "எப்படி இருக்கு"ன்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க, அது ஒண்ணுத்துக்கும் உதவாது. கேமே விளையாடாத என் அக்கா தான் எங்களுக்கு உருப்படியான பதில் சொன்னது, "அந்த மழை படம் என்னன்னே தெரியல, அதுக்கு மேல இருக்கற மண்டை ஓடு தெரியுது", மண்டை ஓடு லிஸ்ட்ல எங்களுக்கு மேல இருந்த வேற கேமோட படம். அந்த ஒரு வரி போதும், எங்க படத்துல ஒரு உருவம் தனியா நிக்கலங்கறது அதுல வந்துருச்சு.

அடுத்தது விதி. 2022 செப்டம்பர் 1ல இருந்து கேப்சூல் படத்துல கேமோட ஆர்ட், பேரு, அதிகாரப்பூர்வமான சப் டைட்டில் இது மூணு மட்டும்தான் இருக்கலாம். பத்திரிகை குடுத்த ஸ்கோர், அவார்டு பேரு, தள்ளுபடி விவரம், வேற கேமுக்கு விளம்பரம் எதுவும் கூடாது. இது வந்தப்ப சில பேர் முணுமுணுத்தாங்க, எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விதி. அதுக்கு முன்னாடி லிஸ்ட்ட பார்த்தா தேர்தல் நேரத்து சுவர் மாதிரி இருக்கும், ஒருத்தர் பத்துக்கு ஒன்பதுன்னு போட்டிருப்பாரு, இன்னொருத்தர் அம்பது சதவீதம் தள்ளுபடின்னு போட்டிருப்பாரு, ஏற்கனவே பேர் வாங்கின பெரிய கேம் இன்னும் பெருசா கத்தும், எந்த அவார்டும் இல்லாத புது ஆளு படத்துல போட ஒண்ணும் இல்லாம நிப்பாரு. இப்ப எல்லாருக்கும் ஒரே ஆயுதம்தான், படமும் பேரும். நூறு பேர் வேலை பார்க்கற கம்பெனிக்கும் ரெண்டு பேர் பண்ற கேமுக்கும் அதே 462க்கு 174. இத விட நியாயமா ஒரு கடை என்ன பண்ண முடியும்னு தெரியல.

பெரிய அப்டேட் வந்தா அதப் படத்துல சொல்ல வழி இல்லையான்னா இருக்கு. ஆர்ட்வொர்க் ஓவர்ரைடுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதிகபட்சம் ஒரு மாசத்துக்கு தற்காலிகமா வேற படம் போடலாம், அதுல அப்டேட்டப் பத்தி எழுத்தும் வரலாம், ஆனா அந்த எழுத்து நம்ம கேம் எத்தனை மொழில இருக்கோ அத்தனை மொழிக்கும் மாத்தி வைக்கணும். சரிதான், படிக்கத் தெரியாத மொழில படத்துல எழுதி என்ன பிரயோஜனம்.

படம் வரைஞ்சு வாங்கறதப் பத்தி கொஞ்சம் கோவமாவே எழுதணும். நாங்க முதல்ல வேலை குடுத்தவர் பேர் சொல்ல மாட்டேன், போர்ட்ஃபோலியோ அருமையா இருந்துச்சு, பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கிட்டாரு, பேசினப்ப லேயர் ஃபைல், அதாவது ஒவ்வொரு பாகமும் தனித்தனியா இருக்கற ஃபைல், தர்றேன்னு எழுத்துலயே சொல்லியிருந்தாரு. கடைசில வந்தது ஒரே ஒரு ஜேபெக், படகு, மழை, லோகோ எல்லாம் ஒண்ணா ஒட்டிப் போன ஒரு படம். ஹெடர் அகலம், வெர்டிகல் உயரம், ஹீரோ அத விட அகலம், ஒரே படத்த இத்தனை வடிவத்துக்கு மாத்தணும்னா படகோட்டி தனியா, படகு தனியா, வானம் தனியா, லோகோ தனியா இருந்தாத்தான் நகத்த முடியும். ஒட்டின படத்துல வெர்டிகலுக்கு வெட்டினா ஒண்ணு படகோட்டி தலை போகும், இல்ல பேருல பாதி போகும். லேயர் கேட்டா அதுக்குத் தனி சார்ஜ்னு பதில். அந்தப் பணம் போனது போனதுதான்.

அதனால யார் கிட்ட குடுத்தாலும் இதெல்லாம் முதல் நாளே பேசி எழுதி வாங்கிருங்க: லேயர் பிரிச்ச பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் ஃபைல்) வேணும், லோகோ பின்னணி இல்லாத பிஎன்ஜியா தனியா வேணும், லோகோவுக்கு எடுத்த ஃபாண்ட்ட வியாபாரத்துக்குப் பயன்படுத்த லைசென்ஸ் இருக்கான்னு தெரியணும், படத்த ட்ரெய்லர்லயும் பேனர்லயும் டிஷர்ட்லயும் போட உரிமை இருக்கான்னு தெரியணும். பணத்த ரெண்டா பிரிக்காம மூணா பிரிங்க, ஸ்கெட்ச்சுக்கு ஒண்ணு, கலருக்கு ஒண்ணு, ஃபைல் கைக்கு வந்தப்புறம் ஒண்ணு. அப்புறம் ஸ்கெட்ச் ஸ்டேஜ்லயே 120க்கு 45ல சுருக்கிப் பாருங்க, கறுப்பு வெள்ளைல வெறும் உருவமா இருக்கும்போதே தெரிஞ்சுரும் அது நிக்குமா நிக்காதான்னு, கலர் அடிச்சப்புறம் மாத்த சொன்னா வரையறவங்களுக்கும் கஷ்டம், நமக்கும் செலவு. ரெண்டாவதா எங்களுக்கு வரைஞ்சு குடுத்தவங்க சின்னப் பொண்ணு, காலேஜ் முடிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது, அவங்களே "எந்த சைஸ்ல சார் முதல்ல பார்க்கணும்"னு கேட்டாங்க, அந்தக் கேள்விலயே எனக்கு நிம்மதி வந்துருச்சு. மழையையும் கலங்கரை விளக்கத்தையும் எடுத்துட்டாங்க, படகோட முனைய மட்டும் பார்க்கறவர நோக்கி வர்ற மாதிரி பெருசா வச்சு, அதுல சிவப்பு கலர்ல ஒரு கண்ணு வரைஞ்சாங்க, பேரு அதுக்கு மேல தடிச்ச எழுத்துல. அது தெரியுது, 120க்கு 45லயும் தெரியுது.

ஏஐல வரைஞ்சுட்டாப் போச்சுன்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு. 2024 ஜனவரில இருந்து கேம்ல ஏஐ வச்சு செஞ்ச விஷயம் இருந்தா ஸ்டீம் கிட்ட சொல்லியாகணும், அந்த விவரம் ஸ்டோர் பேஜ்லயே எல்லாரும் பார்க்கற மாதிரி வரும். அதப் பார்த்ததும் பக்கத்த மூடிட்டுப் போற ஆளுங்க நிறைய இருக்காங்க. அத விட, கேம் முழுக்க கையால பிக்சல் பிக்சலா வரைஞ்சவர் வெளில மாட்டற படத்த மட்டும் மெஷின் கிட்ட வாங்கினா உள்ள இருக்கறதும் அப்படித்தான்னு பார்க்கறவர் முடிவு பண்ணிருவாரு, அந்தப் பழி தேவையே இல்லாதது. பணமே இல்லன்னா கேம்ல இருக்கற ஸ்பிரைட்டையே, அதாவது உருவப் படத்தையே, பெருசாக்கி, நல்ல தடிச்ச லோகோ ஒண்ணு போட்டு வைங்க, அதுல நேர்மை இருக்கு.

நேர்மைன்னு சொன்னதும் அடுத்த விஷயம், படம் ஜானர மாத்திச் சொல்லக் கூடாது. ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா விளையாடியிருந்தா கேள்வி கேக்காம பணத்தத் திருப்பித் தந்துருவாங்க. சண்டை கேம் மாதிரி படம் போட்டு உள்ள நிதானமா புதிர் போடற கேம் வச்சிருந்தா க்ளிக் வரும், ரீஃபண்டும் வரும், கூடவே கெட்ட ரிவ்யூவும் வரும், அந்த ரிவ்யூ போகவே போகாது. ஸ்டார்டியூ வேலி 2016ல வந்துச்சு, எரிக் பரோன்னு ஒரே ஆளு நாலரை வருஷம் உக்காந்து படம், மியூசிக், கோடு எல்லாம் தானே பண்ணாரு. அதோட படத்தப் பார்த்தாலே பச்சையும் நீல வானமுமா, இங்க வந்தா மனசு லேசாகும்னு தெரிஞ்சுரும், உள்ள போனா அதேதான் இருக்கு. 2024ல வந்த பலாட்ரோவும் முக்காவாசி ஒரே ஆளு பண்ணதுதான், சிவப்பும் நீலமும் கலந்து சுழலுற பின்னணி, பெரிய பிக்சல் எழுத்துல பேரு, சீட்டுக்கட்டு. கேம ஓபன் பண்ணா முதல் ஸ்க்ரீன்லயும் அதே சுழல், அதே எழுத்து. கடைல பார்த்ததுக்கும் வீட்டுக்கு வந்ததுக்கும் வித்தியாசமே இல்ல. பெரிய பட்ஜெட் ஓவியம் எதுவும் இல்லாமலே இவ்ளோ தூரம் போக முடியும்னு அதப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தெம்பு வரும்.

ஸ்க்ரீன்ஷாட் பக்கம் வருவோம். குறைஞ்சது அஞ்சு வேணும், 1920க்கு 1080ல. கான்செப்ட் ஆர்ட், சினிமாட்டிக் காட்சி, அவார்டு எழுதின படம் எதுவும் ஸ்க்ரீன்ஷாட்டா வைக்கக் கூடாது, விளையாடும்போது என்ன தெரியுமோ அதுதான் வரணும். மத்தவங்க இத கட்டுப்பாடா பார்க்கறாங்க, எனக்கு இது உதவி, ஏன்னா வாங்க வர்றவர் மனசுல ஓடற ஒரே கேள்வி "இதுல நான் என்ன பண்ணுவேன்"ங்கறதுதான். அதனால மெனு, ஹெல்த் பார், காசு எண்ணிக்கை, இதெல்லாம் மறைச்சுட்டு அழகான காட்சி மட்டும் வைக்கறத விட அதெல்லாம் தெரியற மாதிரி வைங்க. லிஸ்ட்ல கேம் மேல மவுஸ கொண்டு போனா ஒரு சின்னப் பெட்டி திறந்து நாலு ஸ்க்ரீன்ஷாட் ஓடும் பார்த்திருப்பீங்க, அந்த நாலும் நாலு வேற வேற கலர்ல, வேற வேற வேலைய காட்டணும். எங்களோடதுல ஒண்ணு புயல்ல படகு, ஒண்ணு துறைமுகத்துல பேரம், ஒண்ணு மேப், ஒண்ணு படக ரிப்பேர் பண்றது. நாலும் தண்ணில படகு போற படமா வச்சா ஒண்ணு வச்ச மாதிரிதான்.

இதுக்கு ரொம்ப நல்ல உதாரணம் வெண்பாங்கற கேம். 2023ல டொராண்டோல இருக்கற விசை கேம்ஸ் பண்ணது, கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தோட கதை, அம்மாவோட சமையல் புத்தகம் கிழிஞ்சு போய் பாதி எழுத்து இல்லாம இருக்கும், அத வச்சு நாம சமைச்சுக் கண்டுபிடிக்கணும், முதல்ல வர்றதே இட்லி. 2024ல இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்ல கிராண்ட் ப்ரைஸும் பிரிட்டனோட பாஃப்டால அறிமுக கேமுக்கான விருதும் வாங்குச்சு. ஒரு அடுப்பு, பாத்திரம், தட்டு தெரியற சமையல் காட்சிய ஒரு தடவ பார்த்தா தமிழே தெரியாதவருக்கும் இதுல சமைக்கணும்னு புரிஞ்சுரும். நம்ம ஊர் விஷயத்த வச்சு கேம் பண்றவங்க பயப்படவே வேண்டியதில்ல, ஊர் எதுன்னு தெரியாட்டியும் வேலை என்னன்னு தெரிஞ்சா ஆளு உள்ள வருவாரு.

தமிழ் எழுத்துல லோகோ வைக்க ஆசைப்படறவங்க நிறைய இருக்கீங்க, எனக்கும் அந்த ஆசை உண்டு, அதனால பட்டறிஞ்சத சொல்றேன். தமிழ்ல பேரு பக்கவாட்டுல நீளும், கொம்பு, கால் எல்லாம் இடத்த சாப்பிடும், மேல்விலங்கு, கீழ்விலங்குன்னு உயரமும் கேக்கும், சின்ன சைஸ்ல முதல்ல சாகறது மெய்யெழுத்தோட புள்ளி, அதுக்கடுத்து ண, ன உள்ள இருக்கற சுழி. கம்ப்யூட்டர்ல கூட வர்ற ஃபாண்ட்ட அப்படியே போடாம, உள்ளுக்குள்ள இடைவெளிய அகலமாக்கி, புள்ளிய எழுத்தோட தடிமனுக்கு பெருசாக்கி கையால வரையச் சொல்லுங்க. வெர்டிகல்லயும் லைப்ரரிலயும் தமிழ் லோகோவ பெருசா வைங்க, அங்க இடம் தாராளம். ஸ்மால் கேப்சூல்ல ஆங்கிலப் பேர பெருசா, தமிழ சின்னதா வைக்கறதுதான் இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்து வருது, ரெண்டையும் ஒரே அளவுல அடைச்சா ரெண்டும் படிக்க முடியாது. கேப்சூல மொழிக்கு ஒண்ணா ஏத்த ஸ்டீம்ல வழி இருக்கு, ஆனா ஸ்டீமயே தமிழ்ல மாத்திக்க வழி இல்லாததால அது நமக்கு உதவாது, ஜப்பானிய மொழிக்கோ சீன மொழிக்கோ போறவங்க கண்டிப்பா பண்ணுங்க.

லைப்ரரி படங்கள நிறைய பேர் கடமைக்குப் பண்றாங்க. காசு குடுத்து வாங்கினவர் தினமும் பார்க்கறது அதத்தான். ஹீரோ படத்துல எழுத்தோ லோகோவோ இருக்கக் கூடாது, லோகோவ தனி பிஎன்ஜியா ஏத்தி எங்க உக்காரணும்னு ஸ்டீம்வொர்க்ஸ்லயே நகத்தி வைக்கலாம். 3840க்கு 1240 பெருசா தெரிஞ்சாலும் விண்டோ சைஸ் மாறும்போது ஓரமெல்லாம் வெட்டுப்படும், நடுவுல 860க்கு 380 இடம் மட்டும்தான் பத்திரம்னு டெம்ப்ளேட்லயே கோடு போட்டுக் காட்டியிருக்காங்க, முக்கியமான முகம் அதுக்குள்ள வரணும். பேஜ் பேக்ரவுண்டு 1438க்கு 810, அத ஏத்தலன்னா நம்ம ஸ்க்ரீன்ஷாட்ல ஒண்ண எடுத்து மங்கலாக்கி அவங்களே போட்டுக்குவாங்க, அதுவே போதும், அதுல நேரத்த செலவு பண்ணாதீங்க.

மத்த கடைங்கள ஒப்பிட்டா, சின்ன டீமுங்க நிறைய கேம் போடற இட்ச் தளத்துல கவர் படம் 630க்கு 500 ஒண்ணே ஒண்ணு வச்சா போதும், கட்டணமும் இல்ல, பக்கத்தோட கலர், பேனர், பேக்ரவுண்டு எல்லாம் நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாம், பக்கமே கேமோட உலகம் மாதிரி பண்ணலாம், அழகுல ஸ்டீம் அதுகிட்ட நிக்க முடியாது. ஆனா அங்க வாங்கற கூட்டம் சின்னது. கூகிள் ப்ளேல 512க்கு 512 ஐகான், 1024க்கு 500 ஃபீச்சர் கிராஃபிக், பதிவுக் கட்டணம் ஒரே தடவ 25 டாலர், ஐகான் ஒண்ணுதான் எல்லாமே, அதுல பேரு எழுதினா படிக்க முடியாது, வெறும் முகமோ சின்னமோதான் எடுபடும்.

இந்த ஒப்பீட்டுல தான் ஸ்டீமோட பெரிய குறை தெரியுது. கூகிள் ப்ளேல ஸ்டோர் லிஸ்டிங் எக்ஸ்பெரிமெண்ட்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு ஐகான ஏத்தி பாதிப் பேருக்கு ஒண்ணு, மீதிப் பேருக்கு இன்னொண்ணுன்னு காட்டி எதுக்கு அதிக இன்ஸ்டால்னு அவங்களே கணக்கு போட்டுக் குடுப்பாங்க. ஆப்பிள் கடைலயும் மூணு மாற்று வடிவம் வரைக்கும் சோதிக்கலாம். ஸ்டீம்ல அப்படி எதுவுமே கிடையாது. கேப்சூலுக்கு இவ்ளோ விதி, இவ்ளோ சைஸ், இவ்ளோ டெம்ப்ளேட் எல்லாம் குடுக்கற கடை, எது நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க ஒரு வழியும் குடுக்கல. பெரிய கம்பெனி வெளில விளம்பரம் போட்டு சோதிச்சுக்கும், சின்ன ஆளுக்கு அந்தக் காசு ஏது. விதில எல்லாரையும் சமமா நிறுத்தின அதே கடை இதுல பெரியவங்க பக்கம் சாஞ்சு நிக்குது, இந்த ஒரு வசதி வந்தா நான் அஞ்சுக்கு அஞ்சு குடுத்துருவேன், இப்போதைக்கு நாலுதான்.

அது வர்ற வரைக்கும் இருக்கற ஒரே வழி ஸ்டீம்வொர்க்ஸ்ல இருக்கற டிராஃபிக் ரிப்போர்ட். எந்த இடத்துல எத்தனை தடவ நம்ம படம் காட்டப்பட்டுச்சு, அதுல எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தாங்கன்னு இடம் வாரியா பிரிச்சுக் காட்டும். படத்த மாத்தினா மாத்தின தேதிய குறிச்சு வச்சுக்கங்க, மொத்த நம்பர பார்க்காதீங்க, ஏன்னா சேல் நேரத்துல காட்டறது கூடும், க்ளிக் விகிதம் தானா குறையும், அது படத்தோட தப்பு இல்ல. சர்ச் ரிசல்ட் ஒண்ண மட்டும் எடுத்து, மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம், பின்னாடி ரெண்டு வாரம், நடுவுல ஸ்டீம் நடத்தற எந்த சேலும் ஃபெஸ்டும் இல்லாத நாளா பார்த்து ஒப்பிடுங்க. இத நெக்ஸ்ட் ஃபெஸ்டுக்கு (வரப் போற கேம்களோட டெமோவ ஸ்டீம் காட்டற வாரம்) முன்னாடியே முடிச்சுருங்க, ஒரு கேமுக்கு அதுல ஒரே தடவதான் கலந்துக்க முடியும், அந்த வாரத்துல போய் படத்த மாத்தி மாத்தி பார்த்துட்டு இருக்க நேரம் இருக்காது. ஸ்டோர் பேஜ ரிலீஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி போட்டா போதும்னு ஸ்டீம் விதி சொல்லுது, நான் சொல்றது ஆறு மாசமாவது முன்னாடி போடுங்க, அப்பத்தான் ரெண்டு மூணு படத்த மாத்திப் பார்க்கற அளவுக்கு நம்பர் சேரும்.